மூழ்கிய மிதவை

ஒரு ஊரிலே ஒரு ரோடு. ரோட்டுமேலே ஒரு பட்டறை. பட்டறைக்குள்ளே ஒரு குருவும் ஒரு சீடரும்.

ஊர் தூத்துக்குடி. ரோடு, உப்பளத்திலிருந்து துறைமுகத்துக்குப் போகிற ரோடு. பட்டறை, லாரிக்கு வயரிங் பார்க்கிற பட்டறை. குருவின் பெயர் ரோஸ்லின், வயது முப்பத்தெட்டு. சீடரின் பெயர் பால்வண்ணன், வயது ஐம்பத்து நாலு. குரு சீடரை அண்ணாச்சி என்பாள். சீடர் குருவை மேஸ்திரி என்பார். புதிதாகக் கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். நாலு நாளில் பழகிவிடும்.

பால்வண்ணன் முப்பது வருஷம் நூல் மில்லில் இருந்தவர். மில்லைப் பூட்டிய பிறகு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பொழுதைப் போக்கப் பிடிக்காமல், ஒருநாள் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"வேலை கத்துக்கிடணும். சேத்துக்கிடுவியளா?"

ரோஸ்லின் அவர் வயதைக் கேட்கவில்லை. "கண்ணு நல்லாத் தெரியுமா அண்ணாச்சி?" என்றாள்.

"ஆயிரம் நூலு ஓடுற எடத்துல ஒரு நூலு அறுந்தா பத்தடி தள்ளி நின்னு சொல்லுவேன்."

அன்றைக்கே டெஸ்டரை அவர் கையில் கொடுத்துவிட்டாள். அது நடந்து ரெண்டு வருஷம்.

இப்படி இருக்கையில் ஒரு செவ்வாய்க்கிழமை, அக்கா மகளுக்குச் சர்ச்சில் புதுநன்மைச் சடங்கு என்று ரோஸ்லின் மணப்பாட்டுக்குப் போயிருந்தாள். பட்டறையில் பால்வண்ணன் மட்டும். பத்து மணி வாக்கில் பத்துச் சக்கர லாரி ஒன்று வந்து நின்றது. பின்னாலேயே காரில் லாரி முதலாளி எட்வின். லாரியிலிருந்து இறங்கினவர் டிரைவர் மாசானமுத்து. எட்வினிடம் பத்தொன்பது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர்.

ரெண்டு பேர் முகமும் சரியில்லை. எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டிருந்த ஏழெட்டு டிரைவர்கள் கிளாஸோடு எழுந்து வந்துவிட்டார்கள்.

"ரோஸ்லின் இல்லையா?" என்றார் எட்வின்.

"மணப்பாடு போயிருக்காவ மொதலாளி. நாளைக்கு வந்துருவாவ."

"நாளைக்கு வரைக்கும் தாங்காது. நீங்கதான் பாத்துச் சொல்லணும், மேஸ்திரி."

மேஸ்திரி. அந்த வார்த்தையைப் பால்வண்ணன் ரெண்டு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறார். அவரைப் பார்த்து ஒருத்தர் சொன்னது அன்றைக்குத்தான். அவரை அறியாமல் முதுகு நிமிர்ந்தது.

"என்ன விஷயம்?"

"ஞாயித்துக்கிழமை நானே பங்க்ல நின்னு இந்த வண்டிக்கு டேங்க்கை ரொப்பி விட்டேன். திருச்சி போயிட்டு வந்திருக்கான். எனக்குத் தெரியாத கணக்கா? பாதி டேங்க் மிச்சம் நிக்கணும். முள்ளு எங்க கெடக்குன்னு நீங்களே பாருங்க."

பால்வண்ணன் கேபினில் ஏறிச் சாவியைத் திருப்பினார். டீசல் மீட்டரின் முள் சிவப்புக் கோட்டில் படுத்திருந்தது.

"டேங்க்ல குச்சி விட்டுப் பாக்கலாம்லா?"

"எங்க விட? எவனும் குழாய் போட்டு உறிஞ்சிரக் கூடாதுன்னு போன வருஷம்தான் டேங்க் வாயில கம்பி வலை வச்சேன். குச்சி இறங்காது."

மாசானமுத்து வாயைத் திறந்தார். "வலை இருக்கு. அப்ப நான் எப்பிடி மொதலாளி எடுப்பேன்?"

"அதைத்தான்யா நானும் கேக்கேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"மீட்டர் கெட்டுப்போச்சுன்னு சொல்லுதான்," என்றார் எட்வின். "கெட்டிருந்தா கெட்டிருக்குன்னு சொல்லுங்க. நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லுங்க. எனக்கு ஒரு வார்த்தை போதும்."

பால்வண்ணன் டேங்க் மேலே ஏறினார். ஐந்து ஸ்க்ரூவைக் கழற்றி, சென்ஸாரைத் தூக்கி வெளியே எடுத்தார். பெரிய பொருள் ஒன்றும் இல்லை. ஒரு நீளக் கம்பி. கம்பியின் நுனியில் கோழிமுட்டை அளவுக்கு ஒரு மிதவை. டேங்க்கில் டீசல் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். அது எங்கே நிற்கிறதோ அதை மீட்டர் காட்டும். அவ்வளவுதான் சங்கதி.

சென்ஸார் இருந்த இடத்தில் டேங்க் மேலே உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. ஓட்டையைத் திறந்து வைக்கக் கூடாது, மண் விழுந்தால் பம்ப் போய்விடும் என்று ரோஸ்லின் படித்துப் படித்துச் சொல்லியிருக்கிறாள். இடது கையால் சென்ஸாரை எடுத்த அதே வேகத்தில், வலது கையால் ஒரு கந்தல் துணியைச் சுருட்டி ஓட்டையை அடைத்தார். கை அந்த அளவுக்குப் பழகியிருந்தது.

கீழே இறங்கினார். வயரைச் சென்ஸாரில் மாட்டி, எட்வினைக் கேபினில் மீட்டரைப் பார்க்கச் சொன்னார்.

விரலால் மிதவையைத் தூக்கினார்.

"ஏறுது," என்றார் எட்வின்.

மெல்ல இறக்கினார்.

"இறங்குது."

பாதியில் நிறுத்தினார்.

"பாதியில நிக்கி. அச்சு மாதிரி நிக்கி மேஸ்திரி!"

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஆளுக்கு ஒரு 'உச்' கொட்டினார்கள். பால்வண்ணன் நிமிர்ந்து கையைத் துடைத்தார்.

"மீட்டர் சரியாத்தான் இருக்கு. சென்ஸாரும் நல்லா இருக்கு."

மாசானமுத்து கிட்டே வந்தார். ரெண்டு பேரும் ஒரே கடையில் டீ குடிக்கிறவர்கள். மாசானத்துக்குச் சர்க்கரை கம்மி என்பதுவரை பால்வண்ணனுக்குத் தெரியும்.

"இன்னொரு மட்டம் பாருங்க அண்ணாச்சி."

"பாத்தாச்சுப்பா. மீட்டர் பொய் சொல்லாது."

"அப்ப நான் சொல்லுதேனா?"

பால்வண்ணன் கை துடைப்பதற்கு இன்னும் கொஞ்சம் அழுக்கு மிச்சம் இருந்தது போல் துடைத்துக்கொண்டே இருந்தார்.

எட்வின் கேபினிலிருந்து இறங்கிக் கையை நீட்டினார். மாசானம் வண்டியிலிருந்து சாவியை உருவினார்; அந்தக் கையில் வைக்கவில்லை. லாரியின் படியில் வைத்தார். கேபினில் ஏறித் தன் தண்ணீர்க் கேனையும் போர்வையையும் எடுத்துக்கொண்டார். போகிற போக்கில் பால்வண்ணன் பக்கம் திரும்பி, "அந்த நாக்கு அழுகிப்போவும் அண்ணாச்சி," என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. சும்மா ஒரு தகவல் சொல்வதைப் போலச் சொல்லிவிட்டு ரோட்டில் நடந்தார்.

சாயங்காலம் வீட்டில் பால்வண்ணன் தன் மனைவியிடம் சொன்னார்: "இன்னைக்கு ஒரு பெரிய வெவகாரத்தை முடிச்சு வச்சேன்."

மறுநாள் ரோஸ்லின் வந்ததும் அவளிடமும் சொன்னார். ஒரு டைனமோவைப் பிரித்தபடியே கேட்டவள், "நல்லாப் பாத்தியளா?" என்றாள்.

"பாத்தேன் மேஸ்திரி."

ஐந்து நாள் போயிற்று. அடுத்த திங்கட்கிழமை காலை எட்வினின் லாரி மறுபடியும் பட்டறை வாசலில் வந்து நின்றது. ஓட்டி வந்தது அவருடைய மச்சினன். எட்வின் காரை விட்டு இறங்கினார். ரோட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்தார்.

"யம்மா ரோஸ்லின், ஒரு கூத்து நடந்து போச்சு."

"சொல்லுங்க மொதலாளி."

"வண்டி அன்னைலேர்ந்து என் வீட்டு வளவுக்குள்ளதான் நிக்கி. டிரைவர் அமையல. இன்னைக்குத்தான் மச்சினனைக் கூப்பிட்டுப் பங்க்குக்கு எடுத்துட்டுப் போனேன். முள்ளு சிவப்புலதான் கெடக்கு. காலி டேங்க்குதானேன்னு, ஃபுல் பண்ணுன்னு சொல்லிட்டு நின்னேன். பாதிகூடப் போடலம்மா. பொங்கி வழிஞ்சிட்டு. தரையெல்லாம் டீசல். செருப்பெல்லாம் டீசல்."

பால்வண்ணன் ஒரு லைட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். கை நின்றது.

பொங்கி வழிந்தது என்றால், பாதிக்கு மேல் ஏற்கெனவே உள்ளே இருந்தது. உள்ளே இருந்தது என்றால், யாரும் எடுக்கவில்லை. இதைக் கணக்குப் போட முப்பது வருஷ மில் அனுபவம் வேண்டாம்.

ரோஸ்லின் டேங்க்கில் ஏறினாள். சென்ஸாரைக் கழற்றினாள். டார்ச்சை ஓட்டைக்குள் அடித்து ஒரு நிமிஷம் பார்த்தாள். டீசல் விளிம்பு வரைக்கும் பளபளவென்று நின்றது. பிறகுதான் துணியை எடுத்து ஓட்டையை அடைத்தாள்.

கீழே வந்து, மிதவையைக் காதோரம் வைத்து ஆட்டினாள். களக் என்றது. இன்னொரு தரம் ஆட்டினாள். களக்.

"மிதவை குடிச்சிருக்கு மொதலாளி. விளிம்புல ஊசிமுனை அளவுக்கு ஒரு வெடிப்பு. டீசல் கொஞ்சங் கொஞ்சமா உள்ள போயி, கனத்து, அடியில போய் உக்காந்திருக்கு. டேங்க் ரொம்பி இருந்தாலும் மீட்டரு காலின்னுதான் காட்டும்."

எட்வின் குரலை இறக்கினார். "சரிம்மா. பேசாம புதுச் சென்ஸார் ஒண்ணு போட்டு விடு. இதை வெளியில பேச வேண்டாம். அவனைக் கூப்பிட்டு வேலைக்கு வச்சுக்கிடுதேன்."

"போன வாரம் வெளியிலதான் பேசியிருக்கிய மொதலாளி."

எட்வின் வண்டியை விட்டுவிட்டு, மச்சினனைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

பட்டறையில் ரெண்டு பேர் மட்டும். ரோஸ்லின் பழைய சென்ஸாரை மேஜையில் வைத்தாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு எப்பிடிப் பாத்தியன்னு சொல்லுங்க."

"கழட்டினேன். வயரை மாட்டினேன். தூக்கினேன், முள்ளு ஏறிச்சு. இறக்கினேன், இறங்கிச்சு."

"எதை வச்சுத் தூக்கினிய?"

"விரலை வச்சு."

சொல்லி முடித்ததும் அவருக்கே கேட்டது. விரல் தூக்கினால் கல்லும்தான் ஏறும்.

"டேங்க்குல ஓட்டை இருந்திச்சே. உள்ள பாத்தியளா?"

பால்வண்ணன் தரையைப் பார்த்தார். அன்றைக்கு அந்த ஓட்டைக்கும் அவர் கண்ணுக்கும் நடுவில் ரெண்டு அடி தூரம்கூட இல்லை. குனிந்திருந்தால் டீசல் தெரிந்திருக்கும். பார்க்கும் முன்பே துணியை அடைத்துவிட்டார்.

"மேஸ்திரி," என்றார் கடைசியில், "பழுது மிதவையிலதானே? மிதவை பழுதுன்னா நான் என்ன செய்யட்டும்?"

ரோஸ்லின் மிதவையைக் கம்பியிலிருந்து கழற்றி, வெடிப்பு கீழே இருக்கும்படி வெயிலில் ஒரு டப்பா மேலே வைத்தாள். சூடு ஏற ஏற, உள்ளே போன டீசல் சொட்டுச் சொட்டாக வெளியே வந்தது. முக்கால் மணி நேரத்தில் மிதவை காற்றுப்போல் லேசாகிவிட்டது.

வாய் அகலமான கண்ணாடி பாட்டில் ஒன்றில் டீசலை ஊற்றினாள். மிதவையை அதில் போட்டாள். வாத்துக்குஞ்சு மாதிரி மிதந்தது. ரோட்டைப் பார்த்த மாதிரி ஒரு ஸ்டூலைப் போட்டு, பாட்டிலை அதன் மேல் வைத்தாள். பக்கத்தில் இன்னொரு ஸ்டூல்.

"உக்காந்து பாருங்க அண்ணாச்சி. மூழ்கினதும் சொல்லுங்க."

"வேற வேலை?"

"இன்னைக்கு இதுதான்."

பால்வண்ணன் உட்கார்ந்தார். மிதவை அசையாமல் மிதந்தது. வெடிப்பு இருக்கிற மிதவை மாதிரியே தெரியவில்லை.

டீக்கடைச் செல்லக்கனி பதினொரு மணி டீயைக் கொண்டுவந்தாள். "என்ன அண்ணாச்சி, நெல்லிக்காய் ஊறப் போட்டிருக்கியளா?"

"சும்மா ஒரு டெஸ்டு."

"பாத்துக்கிடுங்க. உப்புப் போடாம விட்டுறாதிய," என்று சிரித்துவிட்டுப் போனாள்.

உள்ளே ரோஸ்லின் ஸ்பானரைச் சுற்றுகிற சத்தம் கேட்டது. அவள் காதில் விழுந்திருக்கும். அவள் ஸ்பானரை நிறுத்தாததுதான் பால்வண்ணனுக்கு உறுத்தியது.

பன்னிரண்டு மணிக்குக் கொம்பையா வந்தார். அவரும் லாரி டிரைவர்தான். செவ்வாய்க்கிழமை டீ கிளாஸோடு வேடிக்கை பார்த்தவர்களில் ஒருத்தர்.

"வே பால்வண்ணம், என்னவே இது, பாட்டிலுக்குக் காவலு?"

பால்வண்ணனுக்கு இவரிடம் சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

"எட்வின் மொதலாளி லாரில உள்ள சென்ஸாரு. பழுதாப் போயிருக்கு. மிதவையில வெடிப்பு. அன்னைக்கு டீசல் குறையவே இல்ல. மாசானம் மேல ஒரு தப்பும் இல்ல."

கொம்பையா குனிந்து பாட்டிலைப் பார்த்தார். முகத்தில் சிரிப்பு போய்விட்டது.

"எடுக்கலையா அவன்? எப்பா! லாரி ஷெட்டுல அவனுக்கு டீசல் மாசானம்னு பேரே வச்சாச்சு. நானுந்தான் கூப்பிட்டேன். மூணு மொதலாளிகிட்டப் போயி வேலை கேட்டிருக்கான். பேரைக் கேட்டதும் கதவைச் சாத்திட்டாவளாம். இப்ப உப்பளத்துல மூடை தூக்குதான். நாப்பத்தேழு வயசுல."

பால்வண்ணன் மிதவையைப் பார்த்தார்.

"சரி, பழுதுன்னு கண்டுபிடிச்சது யாரு? நீரா?"

இல்லை என்று சொல்ல ஒரு மூச்சுப் போதும். அந்த மூச்சை இழுப்பதற்குள் கொம்பையா அவர் தோளில் ஓங்கித் தட்டினார்.

"திரும்பப் பாக்கணும்னு தோணிச்சே, அதைச் சொல்லும். பெரிய ஆளுவே நீரு! நான் போயி ஷெட்டுல சொல்லுதேன்."

போய்விட்டார். வேகமாகவே போய்விட்டார். எழுந்து கூப்பிட்டிருக்கலாம். ரோடு ஒன்றும் அவ்வளவு அகலம் இல்லை. பால்வண்ணன் எழுந்திருக்கவில்லை. அவருக்குத் தன் தோள்மீதே அருவருப்பாக இருந்தது. தட்டு வாங்கின இடத்தைத் துண்டால் துடைத்தார்.

சாப்பாட்டு நேரத்தில் ரோஸ்லின் தூக்குவாளியோடு வந்து எதிரில் உட்கார்ந்தாள். அவர் தன் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை.

"எவ்வளவு இறங்கிருக்கு?"

"கால் பங்கு."

"கொம்பையா அண்ணன் என்ன சொன்னாவ?"

"என்னைப் பெரிய ஆளுன்னு சொன்னாரு."

ரோஸ்லின் சோற்றைப் பிசைந்தாள்.

"எட்வின் மொதலாளி அன்னைக்கு என்னை மேஸ்திரின்னு கூப்பிட்டாவ," என்றார் பால்வண்ணன். கேட்கப்படாமலே வந்தது. "நாலு பேரு நிக்காவ. குனிஞ்சு குனிஞ்சு பாத்துக்கிட்டிருந்தா வேலை தெரியாதவன்னு நெனைப்பாவன்னு இருந்திச்சு. சட்டுனு சொன்னாத்தான் மேஸ்திரின்னு இருந்திச்சு."

ரோஸ்லின் சிரித்துவிட்டாள். கேலிச் சிரிப்பு இல்லை.

"என்னை மொதல்ல மேஸ்திரின்னு கூப்பிட்ட அன்னைக்கு நான் ஒரு மினிபஸ்ஸோட வயரிங் பூராத்தையும் எரிச்சேன் அண்ணாச்சி. ஃப்யூஸ் போடாம பேட்டரி குடுத்துட்டேன். சீட்டெல்லாம் புகை. பேசஞ்சர் ஜன்னல் வழியா குதிக்காவ. ஒரு அம்மா கோழியைத் தூக்கி வெளியில போட்டுட்டுப் பின்னாலயே அவுகளும் குதிச்சாவ."

பால்வண்ணனுக்கும் சிரிப்பு வரப் பார்த்தது. "அப்புறம் என்ன செஞ்சிய?"

"ஒரு வாரம் உக்காந்து புது வயரு இழுத்துக் குடுத்தேன். புதுசு மாதிரி ஆயிட்டு." கையைக் கழுவ எழுந்தாள். "வயருக்கு ரோசம் கிடையாதுலா அண்ணாச்சி."

பால்வண்ணன் பொட்டலத்தைப் பிரிக்காமலே தள்ளி வைத்தார்.

வெயில் சாய்ந்தது. மிதவை பாதிக்கு இறங்கிற்று. பிறகு முக்காலுக்கு. லாரிகள் போயின, வந்தன. சிலர் வண்டியை மெதுவாக்கி, "அண்ணாச்சி, கலக்கிட்டிய!" என்று கத்திவிட்டுப் போனார்கள். கொம்பையா ஷெட்டில் சொல்லிவிட்டார் என்று தெரிந்தது. ஒவ்வொரு சத்தத்துக்கும் பால்வண்ணனின் தலை இன்னும் ஒரு விரற்கடை தாழ்ந்தது. யாருக்கும் அவர் மாற்றிச் சொல்லவில்லை. இல்லை என்று சொல்ல முதலில் ஒரு மூச்சுத்தான் வேண்டியிருந்தது. இப்போது ஊர் முழுக்க நடந்து போய்ச் சொல்ல வேண்டும்.

நாலரை மணிக்கு மிதவையின் தலை டீசலுக்குள் போயிற்று. ஒரு சின்னக் குமிழி மேலே வந்து உடைந்தது. பிறகு சத்தமே இல்லாமல் அடிக்குப் போய், கண்ணாடியில் டொக்கென்று உட்கார்ந்தது.

"மேஸ்திரி," என்று கூப்பிட்டார். "மூழ்கிட்டு."

ரோஸ்லின் வாசலுக்கு வந்தபோது, ரோட்டின் அந்தப் பக்கத்திலிருந்து மாசானமுத்து வந்துகொண்டிருந்தார். முழங்கால் வரை உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. மூடை தூக்கிய பக்கத்துத் தோளில் துணியை நனைத்துப் போட்டிருந்தார்.

பால்வண்ணன் எழுந்தார். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அடிக்கத்தான் வருகிறார் என்று நினைத்தார். அடித்தால் நல்லது என்றுகூட நினைத்தார்.

மாசானம் கிட்டே வந்து ரெண்டு கையையும் கூப்பினார்.

"அண்ணாச்சி, கொம்பையா சொன்னான். நீங்க விடாம திரும்ப எடுத்துப் பாத்து, பழுதைக் கண்டுபிடிச்சியளாம். காலையிலேர்ந்து சோறு தண்ணி இல்லாம இந்தப் பாட்டிலு பக்கத்துல இருக்கியளாம்."

பால்வண்ணன் மாசானத்தின் கூப்பிய கைகளைப் பிடித்து இறக்கினார்.

"அன்னைக்கு ஆத்திரத்துல உங்களை ஒரு வார்த்தை சொல்லிட்டேன். நாக்கு அழுகணும்னு. சொல்லிட்டுப் போயிட்டேனே தவிர, ஆறு ராத்திரி எனக்கு உறக்கம் இல்ல. வயசுல மூத்தவரு. மனசுல வச்சுக்கிடாதிய அண்ணாச்சி."

"மாசானம்..."

"இருங்க. ஒரு உபகாரம் கேக்கணும்." மாசானம் பாட்டிலின் அடியில் கிடந்த மிதவையைப் பார்த்தார். தொடவில்லை. "இப்ப ஷெட்டுல எல்லா டிரைவரும் இருக்காவ. அஞ்சு மணிக்கு யாருக்கு எந்த லோடுன்னு சீட்டுப் போடுத நேரம். நாலஞ்சு மொதலாளியும் வருவாவ. நான் எடுக்கலைன்னு நான் சொன்னா எடுபடாது. கொம்பையா சொன்னா வெளையாட்டுக்குச் சொல்லுதான்னு போயிருவாவ. நீங்க வந்து உங்க வாயால சொல்லணும். அன்னைக்குச் சொன்னது நீங்கதானே. நீங்க சொன்னா நிக்கும்."

"வாரேன்," என்றார் பால்வண்ணன்.

"நான் முன்னால போயி ஆளுகளை இருக்கச் சொல்லுதேன். வந்துருங்க அண்ணாச்சி."

மறுபடியும் கும்பிட்டார். ரோட்டைக் கடந்து, ஷெட்டு இருக்கிற பக்கம் வேகமாக நடந்தார். தோள் வலியில் ஒரு பக்கம் சாய்ந்த நடை.

பால்வண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். மறுபடி எடுத்தார். இடுப்பில் கட்டினார். அதையும் அவிழ்த்தார்.

"மேஸ்திரி, பாட்டிலைக் கையில எடுத்துட்டுப் போவட்டுமா?"

"எதுக்கு?"

"காட்டணும்லா. வெடிப்பு எங்க இருக்கு, டீசல் எப்பிடி உள்ள போச்சு, எத்தனை மணி நேரத்துல மூழ்குதுன்னு எல்லாத்தையும் விளக்கமாச் சொன்னாத்தானே அவுகளுக்குப் புரியும்."

ரோஸ்லின் ஸ்டூலில் இருந்த பாட்டிலை எடுத்துத் தன் மேஜைமேல் வைத்துக்கொண்டாள்.

"மிதவை என்ன செஞ்சுதுன்னு ஊர்ல யாரு வேணும்னாலும் சொல்லிக்கிடலாம், அண்ணாச்சி. நீங்க என்ன செய்யலைன்னு சொல்ல, உங்களை விட்டா ஆளு கிடையாது."

பால்வண்ணன் நின்றார். ஒரு லாரி போயிற்று. அதன் தூசி அடங்கும்வரைக்கும் நின்றார். பிறகு வெறுங்கையோடு ரோட்டில் இறங்கி, ஷெட்டைப் பார்த்து நடந்தார்.